தைம் இலையில் ஓமம் மணப்பது எப்படி?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “வீட்டுத் தோட்டத்தில் தைம் வைத்திருக்கிறோம். இலையைக் கசக்கினால் அசல் ஓம வாசனை வருகிறது. இரண்டும் ஒரே குடும்பமா? பேரனுக்குச் சளி பிடித்தால் ஓமத்துக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமா?”

குடும்பம் வேறு. ஓமம் கொத்தமல்லிக்கும் சீரகத்துக்கும் உறவு; தைம் துளசிக்கும் புதினாவுக்கும் உறவு. ஆனால் மூக்கு பொய் சொல்லவில்லை. தொடர்பே இல்லாத இந்த இரண்டு செடிகளும் தனித்தனியே ஒரே மூலக்கூற்றைச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கின்றன. 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் கொண்ட அந்தப் பொருளின் பெயர் தைமால். நம் வீட்டுக் கற்பூரவள்ளி இலையில் இதனுடன் கார்வக்ராலும் இருக்கிறது. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. கார்பன் அணுக்களின் வளையத்தில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு.

ஜெர்மன் வேதியியலாளர் காஸ்பர் நாய்மன் 1719இல் தைம் எண்ணெயிலிருந்து தைமாலைப் பிரித்தெடுத்தார். பின்னர் அது கிருமிநாசினியாகப் பெரும் புகழ் பெற்றபோது, தொழிற்சாலைகளுக்குத் தைம் கட்டுப்படியாகவில்லை. நம் நாட்டு ஓமத்தில் தைமால் தாராளமாக இருந்தது. முதல் உலகப்போருக்கு முன்பு இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாக மாறி உலகச் சந்தைக்கு வந்தது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டு, தைமாலுக்குத் தட்டுப்பாடு வந்தது.

இனி செடிக்கு வருவோம். தாவரவியலில் தைமஸ் வல்காரிஸ் எனப்படும் இது, ஸ்பெயினிலும் தெற்குப் பிரான்ஸிலும் இத்தாலியிலும் கல்லும் சுண்ணாம்பும் நிறைந்த தரிசுகளில் தானாக முளைக்கும் குட்டைப் புதர். முழங்கால் உயரம்கூட வளராது. இலையைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சிறு குழிகளில் மினுமினுக்கும் பொட்டுகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். ஒவ்வொன்றிலும் சில செல்கள் வட்டமாக அமர்ந்து எண்ணெயைச் சுரக்க, மேலே மூடியிருக்கும் மெழுகுத்தோல் உப்பி அந்த எண்ணெயைத் தாங்கி நிற்கிறது. விரல் பட்டால் தோல் கிழிந்து மணம் வெளியேறும். தைமால் செல்களைக் கொல்லக்கூடியது. தன் உடலுக்குள் அதை ஓடவிட்டால் செடிக்கே ஆபத்து. ஆகவே தயாரித்த கையோடு செல்லுக்கு வெளியே தள்ளி அடைத்து வைக்கிறது.

ஆனால் எல்லாத் தைமிலும் தைமால் இருப்பதில்லை. தெற்குப் பிரான்ஸில் மோன்பெலியே நகருக்கு வடக்கே உள்ள காட்டுச் செடிகளைக் கிள்ளிக்கொண்டே நடந்தால், ஒன்று ஓமம்போல் மணக்கும். இன்னொன்றில் லாவண்டர் பூவின் இனிய வாசம். மற்றொன்றில் ரோஜாவும் எலுமிச்சையும் கலந்த மணம். பூவும் இலையும் அப்படியே. வேதியியல் மட்டும் ஆறு வகை. ஜெரானியால், ஆல்ஃபா டெர்பினியால், துயனால், லினலூல், கார்வக்ரால், தைமால் என்ற ஆறில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு செடியிலும் மேலோங்கி நிற்கிறது.

எது மேலோங்கும் என்பதை முடிவு செய்யும் முறைதான் இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆறு மணங்களுக்கும் மூலப்பொருள் ஒன்றே: ஜெரனைல் டைபாஸ்பேட் என்ற 10 கார்பன் சங்கிலி. அதை வாய்க்கால் நீராக நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் நெடுக வரிசையாக ஐந்து மடைகள். முதல் மடை திறந்திருந்தால் நீர் முழுவதும் ஜெரானியால் வயலுக்குப் போய்விடும். கீழே உள்ள மடைகள் திறந்தாலென்ன, மூடினாலென்ன, அவற்றுக்கு ஒன்றும் வந்து சேராது. முதல் மடை மூடியிருந்தால் நீர் அடுத்த மடைக்கு வரும். அது திறந்திருந்தால் டெர்பினியால். இப்படியே துயனால், லினலூல், கார்வக்ரால். ஐந்தும் மூடியிருந்தால்தான் கடைமடை வயலான தைமாலுக்கு நீர் எட்டும்.

ஒவ்வொரு மடையும் ஒரு மரபணு. திறக்கும் வடிவம் ஓங்கு பண்பு, மூடும் வடிவம் ஒடுங்கு பண்பு. தாய் தந்தை இருவரிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று திறக்கும் வடிவமாக இருந்தாலே போதும், மடை திறந்துவிடும். பள்ளியில் பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் விதிகளைப் படித்தோமே, அதே விதிகள்தான். மணம் மரபுவழி வருவதை வெர்னே, கூயோன், வால்தெய்ரோன் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1986இல் இப்படித்தான் விளக்கினார்கள்.

இதன் விளைவுகளை யோசித்துப் பாருங்கள். லினலூல் மடையில் ஒரு பிரதி திறந்தும் ஒரு பிரதி மூடியும் இருக்கும் இரண்டு இனிய மணச் செடிகளைக் கலந்தால், பிள்ளைகளில் நான்கில் ஒன்று அந்த மணத்தை இழந்து ஓம மணத்தின் பக்கம் வந்துவிடும். காரமான மணம் பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருந்தது. ஆனால் இரண்டு தைமால் செடிகளைக் கலந்தால் பிள்ளைகள் அத்தனையும் தைமால்தான். ஒளித்து வைக்க அவற்றிடம் வேறு மணம் இல்லை.

அப்படியானால் எந்த மணம் எங்கே வாழ வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? குளிர் தீர்மானிக்கிறது. மோன்பெலியேவுக்கு வடக்கே சன் மர்த்தன் த லோந்த்ரே என்ற ஊரைச் சுற்றி மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளம் இருக்கிறது. காற்றில்லாத குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து இந்தப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டைவிடப் பள்ளம் அதிகமாகக் குளிர்கிறது. பள்ளத்தின் அடியில் வளரும் தைம் செடிகளில் லினலூல், துயனால் போன்ற மென்மணங்கள். சில கிலோமீட்டர் தள்ளி, வெயில் காயும் கற்சரிவுகளில் தைமாலும் கார்வக்ராலும். ஒரே காட்டில் வேதியியலுக்கு எல்லைக்கோடு போட்டதுபோல் பிரிந்து கிடக்கின்றன.

மோன்பெலியேவில் பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜான் தாம்சனும் அவருடைய குழுவினரும் செடிகளை இடம் மாற்றி நட்டும் உறைய வைத்தும் சோதித்தார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் வரும் கடும் உறைபனியில் தைமால், கார்வக்ரால் வகைகள் அடிபட்டன. மென்மணச் செடிகள் தாக்குப்பிடித்தன. கோடை வறட்சியில் நிலைமை தலைகீழ். அக்கம்பக்கத்துத் தாவரங்களும் இதற்கேற்ப மாறியிருக்கின்றன. புரோமஸ் என்ற ஒரு புல், தான் பழகிய தைம் வகை வளர்ந்த மண்ணில் கூடுதலாகச் செழித்தது.

இதைவிட வியப்பானது அடுத்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் அங்குள்ள செடிகளின் மணத்தை இடம்வாரியாகப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதே இடங்களுக்கு 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் போய்ப் பார்த்தபோது, முன்பு மென்மணம் மட்டுமே இருந்த இடங்களிலும் தைமாலும் கார்வக்ராலும் நுழைந்திருந்தன. 1956 பிப்ரவரியில் தென் பிரான்ஸின் ஒலிவ மரங்களைப் பெருமளவில் அழித்ததுபோன்ற உறைபனி இப்போது அரிதாகிவிட்டது. காவல் தளர்ந்ததும் காரமணச் செடிகள் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டன. புவி வெப்பமாதலால் ஒரு செடியின் மரபணு விகிதமே நாற்பது ஆண்டுகளுக்குள் மாறியதற்கான சான்று இது. 2013இல் வெளியானது.

இதற்குத் தேவைப்பட்டது விலை உயர்ந்த கருவியல்ல. ஒரே பள்ளத்தை, ஒரே புதரை இரண்டு தலைமுறை ஆய்வாளர்கள் விடாமல் கவனித்த பொறுமை. நம் நாட்டில் பெரும்பாலான ஆய்வுத் திட்டங்களுக்கு மூன்று ஆண்டுகளுக்குத்தான் பணம் கிடைக்கிறது. மூன்று ஆண்டில் ஒரு செடியின் எண்ணெயை அளந்து கட்டுரை எழுதலாம். நாற்பது ஆண்டுக் கேள்வியை அதில் கேட்கவே முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எத்தனையோ மணச்செடிகள் இருக்கின்றன. மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மழை வேறு, குளிர் வேறு. இன்று ஒருவர் குறித்து வைத்தால்தான் 2065இல் இன்னொருவர் ஒப்பிட முடியும். அந்தக் குறிப்பேட்டுக்குப் பணம் ஒதுக்குவதை வீண் செலவு என்று நினைக்கும் மனப்பான்மை எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மருத்துவத்துக்கும் இந்த ஆறு மணக் கதை அவசியம். தைமால் நுண்ணுயிரியின் கொழுப்புச் சவ்வில் புகுந்து அதை ஒழுகச் செய்கிறது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் போன்றவை கசிந்து கிருமி சாகிறது. மென்மணச் செடிகளுக்கு இந்த வலிமை குறைவு. அதனால்தான் ஐரோப்பிய மருந்து நூல், மருந்துக்கான உலர்ந்த தைமில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 12 மில்லிலிட்டர் எண்ணெய் இருக்க வேண்டும், அந்த எண்ணெயில் தைமாலும் கார்வக்ராலும் சேர்ந்து 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. லிஸ்டரின் வாய்கொப்பளிப்பானில் தைமால் 0.064 சதவீதம். தேனீ வளர்ப்பவர்கள் வரோவா உண்ணிகளை ஒழிக்கக் கூட்டில் தைமால் வைக்கிறார்கள்.

சளியுடன் வரும் இருமலுக்குத் தைம் இலையை மரபுவழிப் பயன்பாட்டின் அடிப்படையில் ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றிருக்கிறது. நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது என்பதற்கான ஏற்பு அது. பெரிய மருத்துவப் பரிசோதனைகளில் நிரூபிக்கப்பட்டது என்று பொருளல்ல. வளர்ந்தவர்கள் இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் பாட்டிலில் வரும் தைம் எண்ணெயைக் குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். பேரனுக்கு எது தருவதானாலும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தாருங்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தைமாலைத்தான் மாத்திரையாகக் கொடுத்தார்கள். அன்றைய தினம் எண்ணெயும் கொழுப்பும் மதுவும் கூடாது என்று கண்டிப்பாக எச்சரித்தார்கள். கொழுப்பில் கரைந்து உடலில் ஏறினால் மருந்தே நஞ்சாகிவிடும்.

மூலிகையென்றால் பக்கவிளைவே கிடையாது என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, கற்பூரம், கிராம்பு, ஓமம் கட்டிய துணிமுடிச்சை முகர்ந்தால் ஆக்சிஜன் அளவு ஏறும் என்ற செய்தி கைபேசிதோறும் பறந்தது. காரமான ஆவி மூக்கின் நரம்புகளைத் தூண்டுவதால் மூச்சு தாராளமாக இறங்குவதாகத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளியும் அதிகரிக்காது. அந்தத் தோற்றத்தை நம்பி மருத்துவமனைக்குப் போவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதும் உயிருக்கு ஆபத்து.

சமையலில் ஒரே ஒரு செய்தி. தைமால் நீரில் மிகக் குறைவாகவே கரையும், எண்ணெயில் நன்றாகக் கரையும், அதன் கொதிநிலையும் 230 டிகிரிக்கு மேல். ஓமத்தை எண்ணெயில் பொரிப்பதுபோல் தைமையும் தொடக்கத்திலேயே வெண்ணெயிலோ ஒலிவ எண்ணெயிலோ போட வேண்டும். பிரெஞ்சு சமையல்காரர்கள் தைம், பார்ஸ்லி, பிரிஞ்சி இலை வகை ஒன்று மூன்றையும் நூலால் கட்டி, மணிக்கணக்கில் கொதிக்கும் குழம்பில் போடுவதும் இந்தத் துணிச்சலில்தான். துளசி வகைகளைப் போல் அல்லாமல் தைம் காய்ந்த பிறகும் மணம் நிற்கிறது.

வளர்ப்பதில் இது சுண்ணாம்புப் பாறையில் பிறந்த செடி என்பதை மறக்காமல் இருந்தால் போதும். முழு வெயில், மணலும் சரளையும் கலந்த மண், குறைந்த நீர். நீலகிரியில் நன்றாக வருகிறது. சமவெளியில் வெயிலைவிட மழைக்கால ஈரம்தான் அதைக் கொல்கிறது, ஆகவே நீர் தேங்காத தொட்டியில், மழை படாத இடத்தில் வையுங்கள். உங்கள் செடியின் ஓம மணம் பிடித்திருந்தால் அதிலிருந்தே பதியன் போடுங்கள். காட்டுச் செடிகளிலிருந்து எடுத்த விதையில் எந்த மடை திறந்திருக்கிறது என்று முளைத்து வளரும்வரை தெரியாது. பூத்து முடிந்ததும் மேலே மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிடுங்கள், ஆனால் பசுமையான தண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; கட்டையாகிவிட்ட பகுதிவரை வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது.