பறக்கும் உதைசுவரா, உதைவளைவா?

ஐரோப்பிய இடைக்காலத்துக் கோதிக் பாணித் தேவாலயங்களைப் பற்றித் தமிழில் படிக்கப் போனால் 'பறக்கும் உதைசுவர்' வந்து வழிமறிக்கிறது. சுவரை வெளியிலிருந்து முட்டி நிற்கும் அரைவளைவுக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளையிங் பட்ரஸ்' என்று பெயர்; அதன் நேர்மொழிபெயர்ப்பு இது. அங்கே பறப்பது எதுவும் இல்லை; அது சுவரும் இல்லை.

பிரெஞ்சில் அதன் பெயர் ஆர்க்-பூத்தான். ஆர்க் என்றால் வளைவு. பூத்தே பழைய வினை. தள்ளுதல் என்று பொருள். ஆங்கிலப் பட்ரஸும் அதே வேர்தான். 'ஃப்ளையிங்' ஆங்கிலம் ஒட்டிய அடைமொழி. அதைத்தான் நாம் இறக்குமதி செய்திருக்கிறோம்.

பிரான்சின் சார்த்ர் நகரப் பேராலயத்தைப் பாருங்கள். 1194 தீவிபத்துக்குப் பின் எழுப்பியது. நடுக்கூடத்தின் கல் கவிகை, அதாவது வளைந்த உட்கூரை, சுமார் 37 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கவிகை கீழ்நோக்கி அழுத்துவதோடு சுவரைப் பக்கவாட்டிலும் தள்ளும். சுவரில் பாதி கண்ணாடிச் சன்னல்; எதிர்த்து நிற்க அதில் கல் போதாது. ஆகவே பக்கக்கூடத்துக் கூரைக்கு மேலே பாய்ந்து வரும் அரைவளைவு சுவரின் மேற்பகுதியில் முட்டி, அந்தத் தள்ளலை வாங்கி, வெளியே நிற்கும் கனத்த தூணில் இறக்கிவிடுகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் வளைவுகளில் கீழுள்ள இரண்டுக்கும் நடுவே சக்கரத்தின் ஆரக்கால் போலக் குட்டித் தூண்கள்.

வெளித்தூணைப் பிரெஞ்சுக்காரர் கூலே என்பர். சுவரோடு ஒட்டிய முட்டுக்குக் கோந்த்ர்ஃபோர். 'பறக்கும் உதைசுவர்' என்று எழுதுபவர் இதில் எதைச் சொல்கிறார் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சிலர் 'தாங்குவளைவு' என்கிறார்கள். இது இன்னும் மோசம். தாங்குவது மேலிருந்து வரும் பாரத்தை; பாலத்து வளைவு செய்யும் வேலை அது. இந்த வளைவு எதிர்த்து உதைக்கிறது. 2019இல் பாரிஸின் நோத்ர்தாம் பேராலயம் எரிந்தபோது கவிகையின் சில பகுதிகள் விழுந்தன. மீதியும் விழுந்தால் எதிர்ப்பில்லாத வளைவுகள் சுவரை உள்ளே தள்ளிவிடும் என்று அவற்றின் அடியில் மரச்சட்டங்கள் நிறுத்தினார்கள். 'தாங்குவளைவு' என்று படித்தவருக்கு இது எப்படிப் புரியும்?

சாயும் சுவருக்கு உதைகால் கொடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. பிறகென்ன? ஆர்க்-பூத்தான் உதைவளைவு, கூலே உதைதூண், கோந்த்ர்ஃபோர் உதைசுவர். மூன்றும் பிரிந்துவிட்டால் பராமரிப்புச் செய்தியும் பிடிபடும். 1316இல் சார்த்ரைச் சோதித்த கட்டடக் கைவினைஞர்கள், உதைவளைவுகளின் இணைப்புகளில் காரை பூசியாக வேண்டும் என்றார்கள். இணைப்பில் காரை உதிர்ந்தால் கல் நகரும், உதை தளரும், சுவர் வெளியே சாயும்.

மொழிபெயர்ப்பாளர்கள் கட்டடத்தைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்ப்பதால் வரும் வினை இதோடு நிற்பதில்லை. கவிகையைக் குறிக்கும் 'வால்ட்' வங்கிப் பெட்டகமாகிறது. பலிபீடம் இருக்கும் கிழக்குக்கோடிப் பகுதியான 'கொயர்' பாடகர் குழுவாகிறது. பிரான்சின் பொவே பேராலயத்தில் 48 மீட்டர் உயரத்தில் இருந்த கொயர்க் கவிகை 1284இல் ஒரு பகுதி இடிந்தது. இவர்கள் கையில் அகப்பட்டால், பாடகர் குழுவின் பெட்டகம் உடைந்த கதையாகிவிடும்.