கடலில்லாத ஊரில் கடல்நீர் கெடாமல் இருப்பது எப்படி?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா மீன் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர், கடலே இல்லாத அந்த ஊரில் அத்தனை பெரிய தொட்டிக்கு நீரை எப்படி மாற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தார். திமிங்கலச் சுறாக்கள் நீந்தும் அந்தத் தொட்டி சுமார் 2 கோடியே 40 லட்சம் லிட்டர் கொள்ளும். 1930-இல் திறக்கப்பட்ட சிகாகோவின் ஷெட் காட்சியகத்துக்கு, புளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து ரயிலில் கடல்நீரைக் கொண்டுவந்தார்கள். அட்லாண்டாவிலோ குழாய் நீரில் உப்புகளைக் கரைத்துத் தயாரிக்கிறார்கள்; தயாரித்த நீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்குவது எளிது. மணல் வடிகட்டி துகள்களைப் பிடித்துக்கொள்ளும். புரதக் கழிவு காற்றுக் குமிழிகளில் ஒட்டி நுரையாக வெளியேறும். ஓசோன் கிருமிகளைக் கொல்லும். கரைந்து நிற்கும் அம்மோனியாதான் சிக்கல். எலும்பு மீன்கள் புரதத்தைச் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகின்றன. அது மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சு.

இதை அகற்றுபவை, வடிகட்டிகளுக்குள் வழவழப்பான மெல்லிய படலமாகப் படிந்து வாழும் நுண்ணுயிர்கள். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற, வேறொரு வகை அந்த நைட்ரைட்டைப் பெரிதும் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. மீனுக்கு நஞ்சான அம்மோனியாவே இவற்றுக்கு எரிபொருள் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு செய்வதை, இவை இருட்டுக்குள் அம்மோனியாவை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு செய்கின்றன. நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து தம் உடலைத் தாமே கட்டிக்கொள்கின்றன. அந்த ஆற்றல் மிகக் குறைவு என்பதால் வளர்ச்சியும் மெதுவானது. நம் குடலில் வாழும் ஈ. கோலை உகந்த சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்குப் பல மணி நேரமோ, ஒரு நாளுக்கு மேலோகூட ஆகும். புதிய தொட்டியில் போதுமான படலம் உருவாகச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

வீட்டுத் தொட்டியில் விட்ட சில நாட்களிலேயே மீன் இறந்தால், வீட்டுக்கு வரவிருந்த கெடுதலை அந்த வாஸ்து மீன் தன்மேல் ஏற்றுக்கொண்டது என்று நம்மிடையே பலர் நம்புகிறார்கள். பாக்டீரியா இன்னும் வளராத நீரில், பெரும்பாலும் தன் கழிவின் நஞ்சாலேயே அது இறந்திருக்கும். அந்த நம்பிக்கையால் அடுத்த மீனையும் அதே நீரில் விடுவது கொடுமை. அதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் இந்த இரண்டு கட்டங்களையும் வெவ்வேறு உயிர்களே செய்கின்றன என்பது, 1890 வாக்கில் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி நிறுவியதிலிருந்து பாடநூல் உண்மையாக நிலைத்திருந்தது. ஒரே பாக்டீரியா இரண்டையும் செய்யக்கூடும் என்று 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2015-இல் அத்தகைய நைட்ரோஸ்பைரா இனங்களை இரு குழுக்கள் கண்டுபிடித்தன. அவற்றுள் நெதர்லாந்துக் குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஒரு வடிகட்டி. மீன் கழிவின் சேற்றை ஆராய்வதற்கும் பொதுப்பணம் வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.

எஞ்சும் நைட்ரேட்டை, ஆக்சிஜன் இல்லாத தனி அறைகளில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக மாற்றுகின்றன; அது காற்றில் கலந்துவிட, நீர் தொட்டிக்கே திரும்புகிறது.