ஸ்டாஃபோர்ட் கேம்பிட்: பலகையைத் திருப்பி வைத்துப் பாருங்கள்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் வார இறுதிகளில் சதுரங்கம் கற்பிக்கிறேன். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்குப் பிறகும் பிள்ளைகளோடு ஏதாவது ஒரு புதுக் காய்ச்சலும் வகுப்புக்கு வரும். இப்போதைய காய்ச்சலின் பெயர் ஸ்டாஃபோர்ட் கேம்பிட். கேம்பிட் என்றால் தாக்குதலுக்காக ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்து ஆடுவது. தொடக்கநிலை 5 படிக்கும் மாணவனின் அப்பா சென்ற மாதம் கேட்டார்: “சார், இணையத்தில் வெளுத்து வாங்குகிறான். பள்ளிப் போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே கண் கலங்கி வருகிறானே, ஏன்?”

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

வெள்ளைச் சிப்பாய் இ4 கட்டத்துக்கு, கறுப்புச் சிப்பாய் இ5 கட்டத்துக்கு. இரு பக்கமும் குதிரைகள் எஃப்3, எஃப்6 கட்டங்களுக்கு வருகின்றன. இதுவரை பெட்ரோவ் தற்காப்பு என்ற பழகிய தொடக்கம். வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டியதும், வழக்கம்போல் டி6 ஆடி அதை விரட்டாமல், கறுப்பு இன்னொரு குதிரையைச் சி6 கட்டத்தில் வைக்கிறது. வெள்ளை அதை வெட்ட, கறுப்பின் டி சிப்பாய் திரும்ப வெட்டுகிறது. கணக்குப் பார்த்தால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் நட்டம். சி வரிசையில் இரட்டைச் சிப்பாய்கள் வேறு. பதிலுக்கு மந்திரிகளுக்கும் ராணிக்கும் வழி திறந்திருக்கிறது. வெள்ளைக்கோ வெளியே வந்த காய் ஒன்றுகூட இல்லை.

இங்கிருந்துதான் கூத்து. வெள்ளை டி3 ஆடுகிறது, கறுப்பு மந்திரி சி5. வெள்ளை மந்திரியை ஜி5 கட்டத்தில் வைத்துக் குதிரையைக் கட்டிப்போட்டதாக நினைக்கும். கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டிவிட்டு ராணியையே கொடுக்கும். வெள்ளை ஆசைப்பட்டு ராணியை வெட்டினால், மந்திரி எஃப்2 சிப்பாயை வெட்டிச் செக், ராஜா இ2, மற்ற மந்திரி ஜி4, செக்மேட். அழகு என்பதை மறுக்கமாட்டேன், முதலில் பார்த்தபோது நானும் சிரித்தேன். ஐந்தாவது நகர்வில் வெள்ளை இ5 என்று முன்னேறினாலும் ஆபத்துதான்: குதிரை இ4, டி3, மந்திரி சி5. அந்தக் குதிரையை வெட்டினால் வெள்ளை ராணி போய்விடும்.

இந்தப் பொறிகளைக் காணொளிகளில் பரப்பியவர் அமெரிக்க சர்வதேச மாஸ்டர் எரிக் ரோசன். அவரைக் குறை சொல்லவில்லை. மூன்று நிமிட ஆட்டத்தில் இது பிரமாதமான ஆயுதம். ஆனால் யோசிக்க நேரம் உள்ள போட்டியில், எதிரே இருக்கும் சிறுமி ஜி5 பக்கம் போகாமல், இன்னொரு மந்திரியை அடக்கமாக இ2 கட்டத்தில் வைக்கிறாள். கறுப்பு எச்5. அவள் அவசரமாக ராஜாவை ஓரத்துக்கு நகர்த்திக் கோட்டை கட்டியிருந்தால் குதிரை ஜி4 வந்து எச் வரிசை வழியாகத் தாக்குதல் வெடித்திருக்கும். அவள் கட்டவில்லை, சி3 ஆடினாள். அடுத்து டி4 வந்தால் சி5 மந்திரியின் பாதை அடைபடும். எஃப்2 மீது ஒன்றிரண்டு மிரட்டல்கள் மிஞ்சும், அவ்வளவுதான். கணினியும் வெள்ளைக்குத் தெளிவான சாதகம் என்றே காட்டும். என் மாணவனுக்கு அந்தச் சி3 தெரியாது. அவன் பார்த்த காணொளிகளில் வெள்ளை ஒருபோதும் அதை ஆடியதில்லை.

பெற்றோர் சிலர் உடனே “அப்படியென்றால் கேம்பிட்டே வேண்டாமா?” என்பார்கள். யார் சொன்னது? மார்ஷல் தாக்குதல் என்ற பழைய கேம்பிட்டும் கறுப்பு சிப்பாயைக் கொடுத்து ஆடுவதுதான். 1918இல் நியூயார்க்கில் அதைச் சந்தித்த கியூபா ஆட்டக்காரர் கப்பாபிளாங்கா, சிப்பாயை வாங்கிக்கொண்டு, நிதானமாகத் தற்காத்து வென்றார். அந்த கேம்பிட் அத்துடன் சாகவில்லை. மிகச் சிறந்த பதில் வந்த பிறகும் கறுப்புக்கு ஆட ஏதோ மிச்சம் இருந்தது. வெள்ளையில் ஆடும் கிராண்ட்மாஸ்டர்கள் இன்றும் அதைத் தவிர்க்க வேறு வழி தேடுகிறார்கள்.

மாணவன் என்னிடம் வாதாடினான்: “குகேஷும் கறுப்பில்தானே சார் உலக வெற்றியாளர் ஆனார்?” உண்மைதான், 2024 டிசம்பர் 12, நம் செந்தோசாவில். ஆனால் எதிராளி டிங் லிரன் தோல்விக்குக் காரணமான தவறைச் செய்தது 55ஆவது நகர்வில். அதுவரை உட்கார்ந்திருக்கத் தயாரா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இப்போது அவனுக்கு ஒரே வீட்டுப்பாடம்: எந்தப் பொறியைக் கற்றாலும் பலகையைத் திருப்பி, எதிராளியின் பக்கம் இருந்து அதை உடைக்க வேண்டும். சென்ற ஞாயிறு அவனுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல் மேசையில், அவன் வெள்ளை, அப்பா கறுப்பு. மகனிடமே கற்ற ஸ்டாஃபோர்டை அப்பா ஆட, அவன் சி3 ஆடினானாம். அப்பா இருபது நிமிடம் யோசித்ததாகக் கேள்வி.