'கில்' கட்டளை: சொல் விளக்கம்

யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களில், ஓடிக்கொண்டிருக்கும் செயலாக்கம் ஒன்றை, அதாவது இயக்கத்திலுள்ள நிரல் ஒன்றை, கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்திலிருந்து நிறுத்த உதவும் கட்டளையின் பெயர் 'கில்'. ஆங்கிலத்தில் இதன் நேர்ப்பொருள் கொல்லுதல். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் முதற்பதிப்புகளில் இக்கட்டளைக்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது. பின்னர், செயலாக்கத்துக்கு ஒன்றைத் தெரிவிக்கும் எண்ணிட்ட சிறு செய்திகளான குறிகைகளைப் பலவகையாக அனுப்பும் பொறுப்பும் வந்து சேர்ந்தபோது பெயர் மட்டும் மாறவில்லை. 'கில் -0 4312' என்று தட்டினால் எந்தக் குறிகையும் போவதில்லை. 4312 என்ற எண்ணுடைய செயலாக்கம் இருக்கிறதா, அதற்குக் குறிகை அனுப்ப நமக்கு உரிமை உண்டா என்பது மட்டுமே சோதிக்கப்படுகிறது.

வெறுமனே 'கில் 4312' என்றால் 15ஆம் குறிகையான சிக்டெர்ம் செல்லும். இது ஒரு வேண்டுகோள்: நிரல் அதைப் பெற்று, கையிலுள்ள தரவை எழுதி, தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு வெளியேறலாம், பொருட்படுத்தாமலும் இருக்கலாம். 9ஆம் குறிகையான சிக்கில் அப்படியன்று. அதை நிரலால் தடுக்கவோ கையாளவோ இயலாது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கருநிரலே செயலாக்கத்தை முடித்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வழங்கியை இவ்வாறு முடித்தால், அது பகிர்வு நினைவகத்தை விடுவிக்காமலே போய்விடும். எடுத்த எடுப்பில் 9ஐத் தட்டும் பழக்கம் கைவிடப்பட வேண்டியது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அந்த 9க்கும் 'சோம்பி' (ஆங்கிலத்தில் zombie, நடைபிணம்) எனப்படும் செயலாக்கம் அசையாது. அது முன்பே முடிந்துவிட்டது, தாய்ச் செயலாக்கம் அதன் முடிவுநிலையைப் படித்துக்கொள்ளும்வரை பட்டியலில் அதன் பதிவு மட்டும் எஞ்சியிருக்கிறது.

தமிழில் 'கொல்' என்பது பகுதியே ஏவலாக நிற்கும் சிறு சொல். கட்டளைக்குரிய வடிவம் அதற்கு இயல்பாகவே உண்டு. ஆயினும் 15ஐயும் 9ஐயும் அந்த ஒரே சொல்லால் குறித்தால், நிரலிடம் கேட்பதற்கும் கருநிரலை ஏவுவதற்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். கட்டளைக்குக் 'குறிகை அனுப்பு' என்றும், நிரலையே நோக்கிச் சொல்லப்படும் 15க்கு 'முடித்துக்கொள்' என்றும், கருநிரலை நோக்கிய 9க்கு மட்டும் 'கொல்' என்றும் வழங்குவதே பொருத்தம். 1ஆம் குறிகையான சிக்ஹப், தொலைபேசி வழி இணைந்த முனையங்களின் காலத்தில் இணைப்பு அறுந்ததைத் தெரிவித்தது. இன்றோ பின்னணிச் சேவைகள் பல, அதைப் பெற்றதும் தம் அமைவுக் கோப்பை மறுபடி படிக்கின்றன. அதற்கு 'இணைப்பறுதல்' என்ற மூலப்பொருளையே பெயராகக் கொண்டு, இன்றைய பயனை விளக்கத்தில் சேர்ப்பது நல்லது.