பேண்டம் கோழி வாங்குமுன் அதன் பரம்பரையைக் கேளுங்கள்

"இன்குபேட்டர் சரியில்லை டாக்டர், கால்வாசி முட்டை வீணாகிறது" என்று இன்னொருவர் வந்துவிட்டார். வெப்பமானியை மாற்றியிருக்கிறார், ஈரப்பதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்திருக்கிறார், கடைசியில் புது இயந்திரமே வாங்கிவிட்டார். என்ன கோழி என்று கேட்டேன். ஜப்பானிய பேண்டம், அழகுக்காக வளர்க்கும் சின்ன உருவக் கோழி. சேவல், பெட்டை இரண்டுமே கண்காட்சியில் பரிசு வாங்கிய குட்டைக்கால் பறவைகள். அந்த இயந்திரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஜப்பானிய பேண்டத்தின் கால் அத்தனை குட்டையாக இருப்பதற்கு ஒரு மரபணு காரணம். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கால் குட்டையாகும். இருவரிடமிருந்தும் வந்தால் குஞ்சு பிழைக்காது. ஆகவே இரண்டு குட்டைக்கால்களை ஜோடி சேர்த்தால், கருக்கூடிய 100 முட்டையில் சராசரியாக 25 உள்ளேயே செத்துவிடும். பெரும்பாலும் அடை வைத்த முதல் சில நாட்களிலேயே. மீதியில் 50 குட்டைக்கால், 25 நெட்டைக்கால்.

செத்ததைக் கூமுட்டை என்று தூக்கிப் போட்டுவிட்டு, சேவலுக்கு வீரியம் இல்லை என்கிறார்கள். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கு வைத்துப் பாருங்கள். கருக்கூடாத முட்டை உள்ளே தெளிவாக, ஒரே சீராக ஒளிரும். கரு பிடித்துச் செத்த முட்டையில் நூல் போல மெல்லிய சிவப்பு வளையம் தெரியும். இந்த வளையம் வேறு காரணங்களாலும் வரும். ஆனால் குட்டைக்கால் ஜோடியில் ஒவ்வொரு அடையிலும் ஏறக்குறைய கால் பங்கு இப்படிப் போனால், இயந்திரத்தைத் திருகுவதை நிறுத்துங்கள்.

இதைச் சொன்னவுடன் வரும் பதில்தான் என்னைச் சலிப்படைய வைக்கிறது: "இரண்டும் குட்டையாக இருந்தால்தானே டாக்டர் குஞ்சு நிறையக் குட்டையாக வரும்?" வராது. குட்டைக்கால் சேவலை நெட்டைக்கால் பெட்டையோடு விடுங்கள். 100 முட்டையில் 50 குட்டை, 50 நெட்டை. இந்த மரபணுவால் ஒரு சாவும் இல்லை. இரண்டு குட்டைகளைச் சேர்த்தபோதும் கிடைத்தது அதே 50தான். அதிகப்படியாகக் கிடைத்தது 25 செத்த கரு மட்டும். நெட்டைக்காலைக் கண்காட்சியில் வைக்க முடியாதுதான். அதற்காகக் கழித்துவிடாதீர்கள். வாலும் நெஞ்சும் கொண்டையும் நன்றாக அமைந்திருந்தால் அதுவே நல்ல தாய்க்கோழி. (நெட்டை இரண்டைச் சேர்த்துக் குட்டைக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. அதுவும் நடக்காது.)

மற்ற இனங்களிலும் இந்த மாதிரிக் கணக்கு இருக்கிறது. சுருள் இறகுக் கோழிகளை அவற்றுக்குள்ளேயே சேர்த்தால் கால்வாசிக் குஞ்சுகளுக்கு இறகு நொறுங்கி உதிர்ந்து, வெற்று உடம்பு குளிரில் நடுங்கும். ஒரு பக்கம் சாதா இறகுப் பறவையை வையுங்கள். நீல நிறத்தோடு நீலம் சேர்த்தால் பாதிதான் நீலம். கருப்போடு ஸ்பிளாஷ் (வெள்ளையில் நீலத் திட்டுகள் தெறித்த நிறம்) சேர்த்தால் எல்லாமே நீலம். ரோஸ்கோம்ப் என்ற பேண்டம் இனத்தில் ரோஜாக் கொண்டைக்கான மரபணு இரட்டையாக உள்ள சேவலுக்குக் கருக்கூட்டும் திறன் குறைவு. அதனால் நல்ல வளர்ப்பாளர் அந்த மரபணு ஒன்று மட்டும் உள்ள சேவலையும் வைத்திருப்பார், அவர் கூட்டத்தில் ஒற்றைக் கொண்டை அவ்வப்போது தலைகாட்டும். அதைக் கலப்பு என்று பழிக்காதீர்கள்.

பரிசுச் சேவலையும் பரிசுப் பெட்டையையும் வாங்கி ஜோடி போட்டால் பரிசுக் குஞ்சு வரும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. பட்டை இறகு பிளைமவுத் ராக்கில் பட்டைக்கான மரபணு சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. அதனால் சேவல் இயல்பாகவே வெளிறியிருக்கும். இரண்டும் ஒரே அழுத்தமான நிறத்தில் வேண்டுமென்று, சேவலுக்கு ஒரு வரிசை, பெட்டைக்கு வேறு வரிசை என்று தனித்தனியாக வளர்க்கிறார்கள். இரண்டு வரிசையின் வெற்றியாளர்களைச் சேர்த்தால் இரண்டும் கெட்டதுதான் கிடைக்கும். வாங்கும்போது பறவையை மட்டும் பார்க்காமல் அதன் பெற்றோரையும், கண்காட்சிக்குப் போகாத உடன்பிறப்புகளையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

முதல் இனமாக செப்ரைட் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அழகுதான். ஆனால் கருக்கூடுவது குறைவு, குஞ்சைக் காப்பாற்றுவது சிரமம், மாரெக் நோயும் (வைரஸால் வரும் வாத நோய்) எளிதில் தாக்கும். சேவலுக்கும் பெட்டையின் இறகே இருப்பதால் புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள். வயண்டாட், பிளைமவுத் ராக் போன்ற பெரிய இனங்களின் சின்ன உருவ (பேண்டம்) வகைகள் பழகுவதற்கு ஏற்றவை. காலில் இறகுள்ள இனம் என்றால் தரை எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். செதிலுக்கடியில் புகும் கால் சிரங்குப் பூச்சியை அந்த இறகு மறைத்துவிடும், வாரம் ஒருமுறை விலக்கிப் பாருங்கள்.

ஒரே இனம், ஒரே நிறம். அதிலேயே சில தலைமுறை நில்லுங்கள். பொரிப்பதில் பாதி சேவல்தான். அவற்றுக்கு இடம் எங்கே என்று முட்டை வைப்பதற்கு முன்பே யோசியுங்கள். மாரெக் தடுப்பூசி குஞ்சு பொரித்த அன்றே போட வேண்டும், நோய் வந்தபின் போட்டுப் பயனில்லை. கண்காட்சிக்குப் போய்வந்த பறவையும் புதிதாக வாங்கிய பறவையும் குறைந்தது 30 நாள் தனிக்கூண்டில், தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு இருக்கட்டும். தீவனம் போடும்போது வீட்டுக் கோழிகளை முதலில் பாருங்கள், அப்புறம் இவற்றிடம் போங்கள்.