அப்லேஷன்: எடுப்பதா, சுடுவதா?

புற்றல்லாத தைராய்டு கட்டிக்கு 'தெர்மல் அப்லேஷன்' என்ற சூட்டுச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர் அடுத்த ஸ்கேனில் திகைத்துப்போகிறார்கள். கட்டி அங்கேயே இருக்கிறதே! பாதிக் குழப்பம் 'அப்லேஷன்' என்ற சொல்லால் வருவது. அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

லத்தீனில் 'அப்' என்றால் 'இருந்து'. 'லாத்துஸ்' என்றால் 'கொண்டுபோகப்பட்டது'. சேர்த்தால், ஓரிடத்திலிருந்து அகற்றுவது. லத்தீன் இலக்கணத்தின் 'அப்லேட்டிவ்' வேற்றுமைக்கும் இதே வேர்தான். நம் ஐந்தாம் வேற்றுமைக்கு அது உறவுமுறை: 'மலையின் வீழருவி' என்று பள்ளியில் படித்தோமே, அந்த நீங்கல் பொருள்.

ஆனால் இந்தச் சிகிச்சை நாளன்று எதுவும் நீங்குவதில்லை. கழுத்தை மரத்துப்போக வைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி போன்ற மின்முனையைக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். ரேடியோ அலை பாய்ந்து திசுவின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது நொடிகளில் வெந்துவிடும். திரையில் அந்த இடம் வெள்ளைக் குமிழ்களாகப் பூக்கும். லேசர், மைக்ரோவேவ் கொண்டும் செய்வதுண்டு. செத்த திசுவை உடல் மாதக்கணக்கில் உறிஞ்சிக்கொள்ள, கட்டி மெல்லச் சுருங்கும்.

அதனால் 'வெப்ப நீக்கம்' என்று தமிழாக்குவது எனக்கு ஒப்பவில்லை. 'சூடு வைத்தல்' பொருளுக்குப் பொருந்தும். காதுக்குத்தான் தண்டனைபோல் கேட்கிறது. என் தேர்வு 'சுட்டழிப்பு'. 'சுட்டு' என்றால் எரித்து என்றும், குறித்துக் காட்டி என்றும் இரண்டு பொருள். ஊசிமுனை செய்வது இரண்டையும்தானே!

அப்புறம், 'ரிப்பீட் அப்லேஷன்', அதாவது இதே சிகிச்சையை மறுபடி செய்வது. குரல்வளைக்குப் போகும் நரம்பு கட்டியின் பின்புறம் ஓடுகிறது. அது வெந்தால் குரல் கம்மிவிடும் என்பதால் அந்த ஓரத்தைச் சில சமயம் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். அங்கே மிஞ்சிய உயிருள்ள திசு சில ஆண்டுகளில் மறுபடி தலைதூக்கலாம். அதற்கு 'மீள்வளர்ச்சி' என்ற பெயர் போதும். அதை மறுபடி சுடுவது 'மறுசுட்டழிப்பு'. பெரிய கட்டியை முதலிலேயே திட்டமிட்டு இரண்டு தடவையாகச் சுடுவதும் உண்டு. அதை இந்தப் பெயரால் அழைத்தால் 'மறுதேர்வு' மாதிரி, முதல் தடவை தோற்றுவிட்டதாகத் தோன்றும். அதற்கு 'இரண்டாம் அமர்வு' என்பதே சரி.

மீள்வளர்ச்சி என்றால் மட்டும், சுடுவதற்குமுன் ஊசியால் செல்லெடுத்து, இன்னமும் புற்றில்லைதானா என்று மறுபடி பார்த்துக்கொள்வார்கள்.