இருபது பிள்ளைகள்தான் என்றாலும் இரண்டு ஆசிரியர்கள் உண்டு

உங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே இருபது பிள்ளைகளா? "இத்தனை பேருக்கு ஒரு வாத்தியார் போதாதா?" என்று யாராவது கேட்டால், போதாது என்பதுதான் பதில். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருந்தாக வேண்டும். 61ஆவது பிள்ளை சேர்ந்தால் மூன்று பேர். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாமே சின்னப் பள்ளிக்கும் உண்டு.

ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பெடுப்பவர்தான். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு, கூட்டம், கடிதம் எல்லாம் அவர் தலையில்தான். அவர் கூட்டத்துக்குப் போன நாளில், இன்னொருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிவிட்டு, ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இந்த நிலையில் ஒருவரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்புவது பெரிய அநியாயம். சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு. பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை.

இரண்டு பேரும் இருந்துவிட்டால் சின்னப் பள்ளி நன்றாகவே நடக்கும். எந்தப் பிள்ளை வரவில்லை, எது கூட்டெழுத்தில் தடுமாறுகிறது என்பதெல்லாம் ஆசிரியருக்கு அன்றைக்கே தெரியும். 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் என்ற கற்றல் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. பல வகுப்புகள் சேர்ந்து உட்காரும் அறைக்கு இது பொருந்தி வருகிறது. காலை உணவும் சத்துணவும் எண்ணிக்கை பார்க்காமல் கிடைக்கின்றன.

பணம்தான் இடிக்கிறது. மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். பிள்ளைகள் குறைவு என்பதற்காகக் குழாயும் கூரையும் பழுதாகாமல் இருக்குமா? என்னைக் கேட்டால், இந்தத் தொகையை முதலில் உயர்த்த வேண்டும்.

சரி, ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடந்தால்? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். அப்புறம் 32ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.